நாரி உளைவுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்?

எங்கள் கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். கட்டடங்கள் எழுந்த கதையையும் அதிபர்கள் ஆற்றிய பணியையும் எழுத என்னிலும் தகுதியான அக்காமார் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு வைத்தியர். ஒருவர் தன் உடம்பைப் பற்றி வீட்டுத் தமிழில் சொல்வதைக் கேட்டு, அதை வைத்திய மொழிக்கு மாற்றுவதே எனது அன்றாட வேலை. எனவே எனக்குத் தெரிந்த வழியில், சொற்களின் வரலாறு ஒன்றை எழுத முடிவு செய்தேன். எங்கள் வன்னி வீடுகளின் சாதாரணச் சொற்கள் பிரெஞ்சு மொழிக்குள் போன கதை இது.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. என் அக்காவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். பரிஸ் நகரத்துக்கு வெளியே வசிக்கிறா. அம்மாவும் அவவோடுதான். ஒருநாள் வைத்தியரின் காத்திருப்பு அறையிலிருந்து அழைத்தா. “அம்மா நாரி உளையுதெண்டு சொல்லுறா. இதை டொக்டருக்கு நான் என்னெண்டு சொல்லுறது? நோகுதெண்டு சொன்னால், இல்லை நோ இல்லை, உளைவு எண்டு மல்லுக்கு நிக்கிறா!”

முப்பது ஆண்டுகளாகப் பிரான்சில் வாழும் அக்காவுக்கு வங்கிக் கடிதம் வாசிக்கத் தெரியும், வாடகை ஒப்பந்தம் வாசிக்கத் தெரியும், பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசவும் தெரியும். ‘உளைவு’ என்ற ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டா. பெரிய சொற்களுக்கு அகராதி கைகொடுக்கும். சின்னச் சொற்கள்தான் வழியில் தவறிப்போகின்றன. ஒருவரின் உயிரும், வழக்கும், குடும்பமும் சில வேளை அந்தச் சின்னச் சொல்லிலேயே தங்கியிருக்கும்.

மடுவுக்கு வந்த பிரெஞ்சு

வன்னிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள உறவு எங்கள் தலைமுறை அகதிகளோடு தொடங்கியதல்ல. தென் பிரான்சில் 1816இல் யூஜின் டி மசனெட் தொடக்கிய அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணமும் வன்னியும் அவர்களின் பணிக்களமாயின. அவர்களுள் நாம் நன்கறிந்த பெயர் பொஞ்சீன் ஆண்டகையுடையது. பிரான்சில் பிறந்து, கோயம்புத்தூர்ப் பகுதியில் பணியாற்றித் தமிழ் படித்த பின் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயரானார். மடுமாதா ஆலயத்தின் இன்றைய கட்டடத்துக்கு 1872இல் அடிக்கல் இட்டவரும் அவரே. பிரான்சின் போர்தோ நகரில் தோன்றிய திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கியதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். வடபகுதிப் பெண்கல்வியின் வரலாற்றில் பிரெஞ்சு பேசிய பெண்களுக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தக் குருமார் தமிழைக் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது செந்தமிழ் மட்டுமல்ல. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவருக்குக் கோபம், சந்தேகம், கடன், களவு, சீதனச் சண்டை என்று வீட்டுக்குள் புழங்கும் சொல் எல்லாம் விளங்க வேண்டும். கடல் கடந்து புதுச்சேரியிலும் இதே தேவைதான் இருந்தது. அங்கே மூசே, துப்புயி என்ற இரு பிரெஞ்சுக் குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக மிசன் அச்சகத்தில் வெளிவந்தது. ஆக, எங்கள் சொற்களைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோக முதலில் உழைத்தவர்கள் பிரெஞ்சுக்காரரே. எங்கள் மக்களை விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. மடுவுக்கு யாத்திரை போன எங்கள் பூட்டிமாருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரிந்திருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பின்னர் இந்தத் திசை எப்படித் திரும்பியது என்பதே இக்கட்டுரையின் மையம்.

பாணும் கதிரையும்

அதற்கு முன் சமையலறைக்குள் ஒருமுறை போய்வருவோம். பிரெஞ்சு மிகவும் அந்நியமான மொழி என்று பயப்படும் எங்கள் அம்மாமாருக்கு நான் சொல்வது இதுதான்: “நீங்கள் தினமும் பேசுறதுக்குள்ளேயே அதின்ரை சொந்தக்காரர் இருக்கினம்.”

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். ஆட்சி போனாலும் சொற்கள் போகவில்லை. பாண், கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயத்திலிருந்து எங்கள் வாயில் தங்கிவிட்டவை. போர்த்துக்கேயமும் பிரெஞ்சும் இலத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். அதனால் எங்கள் ‘பாண்’ பிரெஞ்சில் மூக்கால் சொல்லும் ‘பேன்’ ஆக இருக்கிறது. எங்கள் ‘அலுமாரி’ அங்கே ‘ஆர்முவார்’. எங்கள் ‘கதிரை’யும் பிரெஞ்சின் ‘ஷேஸ்’ என்ற சொல்லும் ஒலியில் ஒட்டாவிட்டாலும், இரண்டுக்கும் மூலம் ‘கதெத்ரா’ என்ற ஒரே இலத்தீன் சொல்தான். கடைக்குப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கத் தெரிந்த அம்மா, பரிசின் வெதுப்பகத்துக்கு முழு அந்நியராகப் போகவில்லை.

விடைபெறும் முறையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் அம்மம்மா திருப்பி அழைப்பா. ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் அன்றாடம் சொல்லும் ‘ஓ றெவ்வார்’ என்பதன் பொருளும் மீண்டும் காணும்வரை என்பதே. திரும்பி வராத பயணத்துக்கு அவர்களிடம் ‘அதியு’ என்ற வேறு சொல் உண்டு. அதை அவர்களும் இலேசில் சொல்வதில்லை.

எல்லாம் இப்படிப் பொருந்துவதில்லை. எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உள்ளன. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்று இரண்டுதான். கணவன் மனைவியை அழைக்கும், ஆசிரியை வளர்ந்த மாணவியை அழைக்கும் அந்த ‘நீர்’ அங்கே போய்ச் சேர்வதில்லை. பரிசில் பிறந்த என் பெறாமகள் ஒருமுறை கேட்டாள்: “சித்தி, அப்பா அம்மாவை ‘நீர்’ எண்டு கூப்பிடுறது கோவத்திலையோ, அன்பிலையோ?” இரண்டிலும்தான் என்றேன். அதைப் பிரெஞ்சில் சொல்ல அவளாலும் முடியவில்லை.

திசை திரும்பிய மொழிபெயர்ப்பு

1983 யூலைக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் எங்கள் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். பிரான்சுக்கு வந்தவர்கள் பரிசின் வடக்குத் தொடருந்து நிலையத்துக்கும் லாச்சப்பலுக்கும் இடையிலுள்ள தெருக்களைத் தங்கள் கடைத்தெருவாக்கினார்கள். 1985இல் தொடங்கிய மாணிக்கப் பிள்ளையார் கோயிலின் தேர் இன்று ஆண்டுதோறும் கோடை முடிவில் அந்தத் தெருக்களில் ஓடுகிறது. பிரெஞ்சு பேசும் லோசான், ஜெனீவா நகரங்களிலும் எங்கள் மாணவிகள் குடியேறினார்கள். மொன்றியலுக்குப் போனவர்களின் பிள்ளைகள், கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கே போனார்கள்.

இப்போது மொழிபெயர்க்க வேண்டியவர்கள் நாங்களானோம். பிரான்சில் அகதிக் கோரிக்கைகளை 1952இல் உருவான ‘ஒஃப்ரா’ என்ற அலுவலகம் விசாரிக்கிறது. கோருபவர் தன் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு நேர்முக விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருப்பார். எங்கள் ஆட்கள் இதைக் ‘கேஸ் எழுதுறது’ என்பார்கள். சில சொற்களை யாரும் மொழிபெயர்க்கவே இல்லை. பிறிபெக்சர், றெசெப்பிசே, சோமாஜ் என்று அவை அப்படியே தமிழாகிவிட்டன. சிக்கல் மற்றப் பக்கத்தில் இருந்தது. வன்னியின் வாழ்க்கையைச் சொல்லும் சொற்களுக்குப் பிரெஞ்சில் நேரான சொல் கிடைக்கவில்லை.

‘இடம்பெயர்ந்தனாங்கள்’ என்ற சொல்லை எடுங்கள். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தபின் எத்தனையோ குடும்பங்கள் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தன. 1996இல் கிளிநொச்சி விழுந்தபோது இன்னொரு இடப்பெயர்வு. 1997 மே 13இல் ஜெயசிக்குறு தொடங்கியபோது இன்னொன்று. 2008இன் நடுப்பகுதி முதல் 2009 மே வரை எண்ணிக்கையே இல்லை. எங்கள் வகுப்பில் யாராவது ‘இடம்பெயர்ந்து வந்தனாங்கள்’ என்றால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பிரெஞ்சில் அவசரத்தில் வாயில் வரும் சொல் ‘டெமெனாஜே’. அதன் பொருள் வீடு மாறுவது. தளபாடத்தை வானில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவதும் ‘டெமெனாஜே’தான். ‘இரண்டு வருடத்தில் ஆறுதரம் வீடு மாறினோம்’ என்று எழுதியதை வாசிக்கும் அதிகாரிக்கு அதில் என்ன துன்பம் தெரியும்? சரியான சொல் ‘டெப்லாசே’: இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர். ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பத்தின் பத்து வருடம் மாறிவிடுகிறது.

‘பங்கர்’ இன்னொன்று. என் காலத்து மாணவிகளுக்குப் பங்கர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கல்லூரி வளவில் மரங்களுக்குக் கீழே வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டது. கிபிர் சத்தம் கேட்டால் புத்தகத்தையும் விட்டுவிட்டு உள்ளே இறங்குவோம். மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர், சில வேளை பாம்பு. இது ஆங்கிலச் சொல், பிரெஞ்சிலும் அப்படியே உண்டு, மொழிபெயர்க்கத் தேவையில்லை என்றே எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரருக்குப் ‘பங்கர்’ என்றவுடன் கண்முன் வருவது நோர்மண்டிக் கடற்கரையில் ஜேர்மன் படை கட்டிவிட்டுப் போன கொங்கிறீற் அரண். ‘எங்கள் வீட்டில் பங்கர் இருந்தது’ என்று ஒரு பெண் சொன்னால், அவள் ஏதோ படைமுகாமில் வாழ்ந்தவள் என்றுகூட விளங்கிக்கொள்ள இடமுண்டு. ‘பிள்ளைகள் பதுங்க முற்றத்தில் வெட்டிய குழி’ என்று நான்கு சொல் கூடச் சொன்னால் அந்த ஆபத்து இல்லை.

அதற்கு மாறாக, சில இடங்களில் பிரெஞ்சு எங்களுக்கு மிகவும் இசைவாக இருக்கிறது. ‘பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்’ என்கிறோம். யார் என்று சொல்வதில்லை. தெரியாமலும் இருக்கலாம், பயத்தில் சொல்லாமலும் விடலாம். ஆங்கிலத்தில் இதற்கு ஓர் எழுவாய் தேடித் தவிக்க வேண்டும். பிரெஞ்சில் ‘ஒன்’ என்ற சின்னச் சொல் உண்டு. ஆள் குறிக்காத ஆள் அது. எங்கள் ‘ஆங்கள்’ விகுதி மறைக்கும் அளவை அதுவும் மறைக்கிறது, சொல்லும் அளவைச் சொல்கிறது.

நெஞ்சு

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வன்னியில் வெளிநாட்டு வைத்தியர்களை நாங்கள் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறோம். 1971இல் பரிசில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1986 முதல் இலங்கையில் பணியாற்றியது. 2008 செப்டெம்பரில் மற்றத் தொண்டு நிறுவனங்களோடு அதுவும் வன்னியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2009இன் நடுப்பகுதியில் மக்கள் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் வவுனியாவில் மீண்டும் வேலை செய்தார்கள். பிரான்ஸ் அரசும் செட்டிகுளத்தில் ஒரு கள வைத்தியசாலையை அமைத்தது. நான் அப்போது புதிதாக வேலையில் சேர்ந்திருந்த வைத்தியர்.

அந்நாட்களில் ஒரு விடுதியில் நடந்தது இது. ஒரு முதிய அம்மா, பிரெஞ்சு பேசும் வைத்தியர் ஒருவர், நடுவில் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த ஒரு பொடியன். “நெஞ்சு அடைச்சுப்போய்க் கிடக்கு” என்றா அம்மா. பொடியன் அதை ‘நெஞ்சு அடைப்பு’ என்று ஆங்கிலத்தில் சொன்னான். வைத்தியர் மூச்சுக் குழாயை நினைத்தார், இருதயத்தை நினைத்தார், சோதித்தார், இருதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நான் கட்டிலருகே போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தா: “பிள்ளை, என்ரை மகனைக் காணேல்லை.”

எங்களுக்கு நெஞ்சு என்பது விலா எலும்புக்குள் இருப்பதும்தான், மனம் இருக்கும் இடமும்தான். பின்னாளில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தபோதுதான், அவர்களிடமும் இது உண்டென்று அறிந்தேன். துக்கம் அடைத்திருப்பவர் ‘கேர் குரோ’, அதாவது இதயம் வீங்கியிருக்கிறது என்பார். அந்தப் பொடியனுக்கோ எனக்கோ அன்று அந்த இரண்டு சொல் தெரிந்திருந்தால், அந்த வைத்தியர் ஒரு கணத்தில் விளங்கியிருப்பார்.

இதே சொல் மறுபக்கமாகவும் ஆபத்தானது. வெளிநாட்டில் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் எங்கள் மாணவிகளும் அவர்களின் பிள்ளைகளும் இதைத் தயவுசெய்து கவனிக்கவும். பிரெஞ்சில் ‘மால் ஓ கேர்’ என்றால், சொல்லுக்குச் சொல் இதய நோ. ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் பொருள் ஓங்காளம், வயிற்றைப் பிரட்டுவது. அம்மா ‘நெஞ்சு நோகுது’ என்று சொல்ல, பத்து வயதுப் பேரப்பிள்ளை ‘மால் ஓ கேர்’ என்று மொழிபெயர்த்தால், வைத்தியர் சத்திக்கு மருந்து எழுதக்கூடும். மாரடைப்பில் வீணாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியது ‘டூலேர் ஆ லா புவாத்ரின்’, மார்பில் நோ. அந்த நோ இடது கைக்கோ தாடைக்கோ போனால், வியர்த்துக் கொட்டினால், வைத்தியரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்காமல் பிரான்சில் 15ஐ அழையுங்கள்.

‘யோசனை’ என்ற சொல்லும் அப்படியே. ‘அம்மாவுக்கு ஒரே யோசனை, நித்திரை இல்லை’ என்கிறோம். அது சிந்தனை அல்ல, கவலை. ‘றெஃப்லெஷிர்’ என்ற சொல்லைப் போட்டு ‘அம்மா நிறையச் சிந்திக்கிறா’ என்று சொன்னால் வைத்தியர் பாராட்டக்கூடும். ‘சூசி’ என்றால் கவலை. அந்தச் சொல்லைப் போட்டால் அடுத்த கேள்வி சரியான கேள்வியாக இருக்கும்.

காணேல்லை

அந்த அம்மா சொன்ன ‘காணேல்லை’தான் இக்கட்டுரையில் மிகவும் சாதாரணமான சொல். திறப்பைக் காணேல்லை, ஆட்டைக் காணேல்லை, பஸ்ஸைக் காணேல்லை என்று நாளுக்கு நாலுதரம் சொல்கிறோம். 2009க்குப் பிறகு வன்னியில் அது வேறு சொல்லாகிவிட்டது.

தமிழிலேயே அதற்காக ஒரு போராட்டம் நடக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமல் போன ஆட்கள்’ என்கிறது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருக்கத் தொடங்கிய தாய்மார், ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ என்கிறார்கள். ‘தாங்களாய்ப் போகேல்லை, ஆக்கினது ஆர்?’ என்பதே அவர்களின் கேள்வி. ஒரு வினைச்சொல்லின் வேறுபாட்டில் முழு வழக்கும் இருக்கிறது.

பிரெஞ்சில் இதற்கு வழக்கமாக எழுதப்படும் சொல் ‘டிஸ்பாரு’. காணாமற்போனவர் என்று பொருள். ஆனால் மரண அறிவித்தல்களிலும் நினைவஞ்சலிகளிலும் அவர்கள் எழுதும் சொல்லும் அதுவே: எங்கள் அன்புக்குரிய ‘டிஸ்பாரு’ என்றால், மறைந்துவிட்டவர். சட்டத்திலும் வேறுபாடு உண்டு. பிரெஞ்சுக் குடியியற் கோவையில், ஒருவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாது என்ற நிலைக்குப் பெயர் ‘அப்சான்ஸ்’. உயிருக்கு ஆபத்தான சூழலில் காணாமற்போய் உடலும் கிடைக்காத நிலைக்குப் பெயர் ‘டிஸ்பரிசியோன்’. அப்போது நீதிமன்றம் மரணத்தையே அறிவிக்கலாம். தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் இந்த இரண்டும் ஒன்றல்ல.

எனக்கு மேல்வகுப்பில் படித்த ஓர் அக்காவின் அனுபவம் இது. அவரின் கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. பிள்ளையோடு பிரான்சுக்கு வந்தபோது, தெரிந்த ஒருவர் உதவிக்கு வந்து படிவம் நிரப்பினார். அதில் குடும்ப நிலைக்கு நான்கு கட்டங்கள்: திருமணமாகாதவர், திருமணமானவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். அக்காவுக்கு அதில் இடமே இல்லை. அவர் ‘காணேல்லை’ என்றார். உதவியவர் மனதுக்குள் அதை ‘டிஸ்பாரு’ ஆக்கி, நாலாவது கட்டத்தில் அடையாளமிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. சில வருடங்களின் பின் அவரின் மகள் பிரெஞ்சு நன்றாக வாசிக்கத் தொடங்கியதும் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, இதிலை உங்களை விதவை எண்டு போட்டிருக்கு. அப்பா செத்திட்டாரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அந்த அக்கா என்னிடம் சொன்னது: “கடிதத்தைத் திருத்தலாம், திருத்தினனான். பிள்ளைக்கு அதைத் திருத்தத்தான் காலம் எடுத்தது.”

இதில் சொல்ல ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆளைக் காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கும் சர்வதேச உடன்படிக்கை 2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்கப்பட்டு, 2007 பெப்ரவரி 6இல் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது பரிசில்தான். அதை ஆக்குவதில் பிரான்ஸ் முன்னின்றது. 2013இல் தன் குற்றவியற் கோவையிலும் அதைச் சேர்த்தது. இலங்கை 2016இல் உடன்படிக்கையை ஏற்று, 2018இல் அதற்கான சட்டத்தையும் இயற்றியது. ஆகவே பிரெஞ்சு மொழிக்கு இந்தச் சொல் புதிதல்ல. அதைவிட முக்கியமானது இலக்கணம். ‘டிஸ்பரெத்ர்’ என்றால் காணாமற்போதல். அதற்கு முன் ‘ஃபேர்’, அதாவது செய்தல், என்ற வினையைச் சேர்த்தால் ‘ஃபேர் டிஸ்பரெத்ர்’. அதுவே காணாமல் ஆக்குதல். எங்கள் தாய்மார் தமிழில் செய்த திருத்தத்தை அப்படியே பிரெஞ்சிலும் செய்யலாம். ‘ஒன் லா ஃபே டிஸ்பரெத்ர்’: அவரைக் காணாமல் ஆக்கிவிட்டாங்கள். ஆர் என்று சொல்லாத அந்த ‘ஆங்கள்’ உட்பட எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அதோடு ‘ஜ லெ ஷேர்ஷ்’, நான் அவரைத் தேடுகிறேன், என்ற இன்னொரு வசனத்தையும் சேர்த்தால், யாரும் நாலாவது கட்டத்தில் அடையாளமிட மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்

நூறு ஆண்டுகளில் எங்கள் கல்லூரி எத்தனையோ மொழிகளுக்கு மாணவிகளை அனுப்பிவிட்டது. எங்கள் காலத்தில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கவில்லை. ஆனால் இன்று எங்கள் கூட்டத்தில் பிரெஞ்சில் கனவு காண்பவர்களும் இருக்கிறார்கள். வன்னிப் பேச்சும் பிரெஞ்சும் இரண்டும் ஒரே வாயில் புழங்கும் தலைமுறை இதுதான். எங்கள் அம்மாமாருக்குப் பிரெஞ்சு வராது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ‘உளைவு’ தெரியாது. இடையில் நாங்கள் இருபது, முப்பது வருடம் நிற்போம்.

புதுச்சேரியின் இரு குருமார் எங்கள் சொற்களைத் திரட்ட ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். நாங்கள் அவ்வளவு செய்யத் தேவையில்லை. பிரான்சிலும் சுவிசிலும் மொன்றியலிலும் உள்ள ஒவ்வொரு பழைய மாணவியும், தன் அம்மா உடம்பையும் மனதையும் பற்றிச் சொல்லும் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், அதே பொருளில் ஒரு பிரெஞ்சுப் பாட்டி என்ன சொல்வா என்று எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம், பாட்டியின் சொல். ஒரு பிரதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள், ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சேர்த்து ஒரு சிறு நூலாக்கினால், இங்கிருந்து புதிதாகப் போகும் பிள்ளைக்கும், அங்கே வைத்தியரின் அறையில் தனியே இருக்கும் அம்மாவுக்கும் அது உதவும். வைத்திய வசனங்களைச் சரிபார்க்கும் வேலையை நான் ஏற்கிறேன்.

முதலாவது சொல்லை நானே தருகிறேன். அன்று அக்காவின் கேள்விக்கு எனக்கு உடனே விடை தெரியவில்லை. நாரிக்கு விடை இலகு: பிரெஞ்சுக்காரர் ‘மால் ஓ றேன்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் சிறுநீரக நோ என்றாலும் அன்றாடப் பேச்சில் அது நாரிதான். உளைவுதான் கடினம். பிறகு ஒரு பிரெஞ்சு வைத்திய நூலில் அதைக் கண்டேன். குத்தாமல், வெட்டாமல், ஓயாமல் உள்ளே கிடந்து படுத்தும் நோவை அவர்கள் ‘டூலேர் சூர்ட்’ என்கிறார்கள். ‘சூர்ட்’ என்றால் செவிடு. செவிட்டு நோ.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம், அதுதான்” என்றா.